மெத்தையில் நான் கேட்ட மன்னிப்பு: ஆக்லாந்து, 1996

ஆக்லாந்துக்குப் போய் ஜூடோ பழக முடியுமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் 1996 மே மாதம் நான் போய் வந்த கதையைப் படித்துவிட்டுப் போங்கள். இத்தனை வருஷம் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், ஈப்போவில் ஆறு வருஷம் பழகிப் பழுப்புப் பட்டை வாங்கியிருந்தேன். கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு முன் வேறு ஊர் ஆட்களோடு மோதிப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பதினான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து பத்தரை மணி நேர விமானப் பயணம். சனிக்கிழமை காலை இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து பாபடோயிட்டோய்க்கு ஒன்பது கிலோமீட்டர், டாக்சிக்கு 22 டாலர். அங்கே தெரிந்தவர் மூலம் பிடித்த அந்தோனி அண்ணன் வீட்டில் ஓர் அறை, இரவுச் சாப்பாட்டோடு வாரம் 80 டாலர். அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது, இலங்கையில் மன்னாரைச் சேர்ந்தவர். மனைவி ரீட்டா அக்கா, விமான நிலையத்துக்குப் பக்கத்து மோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். அண்ணனுக்கு விமானச் சரக்குகளை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். இன்னும் ஒரு மாதம் தாண்டினால் போதும் என்று அக்கா முதல் நாளே என்னிடம் சொன்னார்.

அண்ணனும் ஜூடோ பழகினார். ஆரம்பித்து நான்கே மாதம், வெள்ளைப் பட்டை. முதுகு பலப்படும் என்று யாரோ சொல்லிச் சேர்ந்தாராம். "தம்பி, எனக்கு எறியத் தெரியாது. விழத்தான் தெரியும். அதுவும் அரைகுறை" என்று சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதரைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அவருடைய பழைய காரில் மவுண்ட் ரோஸ்கில் போனோம். பதினான்கு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். ஒரு தேவாலயக் கூடத்தில் மெத்தை விரித்திருந்தார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரு பயிற்சிக்கு ஐந்து டாலர். கோச் சமோவாக்காரர், மலை மாதிரி உடம்பு, மெல்லிய குரல். நகம் வெட்டியிருக்கிறதா என்று ஒவ்வொருவர் கையையும் புரட்டிப் பார்த்தார். மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றச் சொன்னார். பழைய காயம் உண்டா என்று ஜோடியிடம் கேட்டுவிட்டு, குனிந்து வணங்கிய பிறகுதான் தொடலாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே என்று அலட்சியமாக நின்றுகொண்டிருந்தேன்.

என்னை அண்ணனோடு ஜோடி சேர்த்தார். காலைத் தட்டி விழவைக்கும் பயிற்சி. இதில் எறிகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. விழுகிறவரின் சட்டைக்கையை விடாமல் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி இருந்தால்தான் அவர் உருண்டு முதுகில் விழுவார். இல்லாவிட்டால் தோள்பட்டை நேரே தரையில் போய் இடிக்கும். புதியவர் என்றால் அந்தப் பிடிதான் அவருக்கு எல்லாமே.

மூன்று தடவை நன்றாகவே போனது. நான்காவது தடவை என் கால் குறி தப்பி அவர் முழங்காலில் ஓங்கிப் பட்டது. அவர் நிலை தடுமாறி விழுந்துகொண்டிருக்கிறார். அவர் சட்டைக்கையைப் பிடித்திருந்த என் வலக்கை என்ன செய்தது தெரியுமா? பிடியை விட்டுவிட்டு அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனது. கால் பட்டுவிட்டதாம், மன்னிப்புக் கேட்கிறதாம்!

ஈப்போவில் என் ஜோடிகள் எல்லாரும் சீனர்கள், மலாய்க்காரர்கள். ஆயிரம் தடவை கால் பட்டிருக்கும், கை ஒருநாளும் அசைந்ததில்லை. தமிழ் பேசுகிற ஒருவரோடு, அதுவும் மதியம் தன் தட்டில் இருந்த மீனை எனக்கு எடுத்துவைத்த ஒரு பெரியவரோடு, நான் பழகியது அதுதான் முதல் தடவை. குழந்தையிலிருந்து வீட்டில் பழக்கியது ஒரு நொடியில் முந்திக்கொண்டது.

இடது தோளில் விழுந்தார். சத்தம் எனக்கே கேட்டது. ஐயோ என்று கத்தியவன் நான்தான். கோச் இரண்டு பட்டைகளால் அவர் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். பிறகு என்னிடம், ஏன் விட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். திக்கித் திணறி விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "எங்களிலும் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் குனிந்துதான் கடப்போம். ஆனால் மெத்தையில், அவர் தரையைத் தொடும்வரை நீ காட்டும் மரியாதை அந்தப் பிடி ஒன்றுதான்" என்றார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. எட்டு வாரம் எதையும் தூக்கக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நினைப்புதான்: இன்னும் ஒரு மாதம்.

அதற்குப் பிறகு நான் ஊர் சுற்றவில்லை. கடைக்குப் போனேன், சமைத்தேன், அண்ணனுக்குச் சட்டை மாட்டிவிட்டேன். காலையும் மாலையும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா மோட்டலில் மாலை வேலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை ஐந்து மணிக்குப் போனால் பன்னிரண்டுக்கு வருவார், மறுபடி நான்கு மணிக்குக் கிளம்புவார். என்னிடம் சாப்பாடு எடுத்துவைத்தாயிற்று என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

நான் வந்து இறங்கிய பதினோராம் நாள் வேலையிடத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் ஒற்றைக் கையால் பிரித்துப் படித்தார்.

"வேலை போயிட்டுது, தம்பி."

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்று அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"நீர் மன்னிப்புக் கேக்கப் போய்த்தானே இது முறிஞ்சது. இனிக் கேக்காதையும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பயிற்சிக்கூடங்களில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வெளியூர்க்காரர் நீங்கள், உங்கள் திறமையைக் காட்ட வெள்ளைப் பட்டைக்காரரைத் தேடாதீர்கள். போதும், விடு என்பதற்கு ஜோடி கையால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கணமே விடுங்கள். தட்டாத வரை, அவர் விழுந்து முடியும்வரை, பிடித்த பிடியை விடாதீர்கள். கால் பட்டால் படட்டும். அவர் எழுந்து நின்ற பிறகு ஆற அமர மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். எதிரில் நிற்பவர் என்ன வேலை செய்து பிழைக்கிறார் என்றும் கேட்டு வையுங்கள். உடைகிற எலும்பு அவர் ஒருவருடையது மட்டும் இல்லை.

கடைசி நாள், பிற்பகல் மூன்றரை மணி. டாக்சி வாசலில் நின்றது. அண்ணன் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வர்றேங்க்கா" என்றேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா கதவருகில் வந்து நின்றார்.

"இவரிட்டை எத்தினை தரம் மன்னிப்புக் கேட்டனீங்கள்?"

"தெரியலக்கா. நெறைய."

"என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லை."

உண்மைதான். முறிந்தது அண்ணனுடைய எலும்பு, போனது அண்ணனுடைய வேலை என்றே பத்து நாளும் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் காலை ஐந்து மணிக்கு எழுந்துபோன ஆள் என் கண்ணிலேயே படவில்லை. பெட்டியைக் கீழே வைத்தேன். கேட்டேன்.

அக்கா சீருடையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ம்... கேட்டிட்டீங்கள்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.