ஒரே முகவரியில் இருவர்

அவள் கால் ஓரிடத்தில் நிற்காது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். செய்வதோ உட்கார்ந்த இடத்து வேலை. இணையத்தில் பலர் தங்கள் பக்கத்தில் ‘எனக்கு இன்னாரைத் தெரியும்’ என்று கணினிக்கும் புரிகிற விதத்தில் குறித்து வைப்பார்கள். அப்படி நாற்பதாயிரம் பேரின் குறிப்புகளைத் திரட்டி, ஆளுக்கொரு புள்ளி, பழக்கத்துக்கொரு கோடு என்று படம் போட்டிருந்தாள். ஒரே ஆள் இரண்டு பக்கம் வைத்திருப்பதும் உண்டு. அதற்கு அவளே ஒரு விதி வகுத்திருந்தாள்: மின்னஞ்சல் முகவரி ஒன்றென்றால் ஆளும் ஒன்று.

படத்தில் இந்தப் பக்கம் ஆராய்ச்சிக்காரர்கள், அந்தப் பக்கம் நர்சுகள். இரண்டு கூட்டத்தையும் ஒரே ஒரு புள்ளி சேர்த்துப் பிடித்திருந்தது. பேராசிரியரின் கட்டுரை முழுக்க அந்தப் புள்ளியை நம்பித்தான் இருந்தது. நாலு மணிக்கு அனுப்பியாக வேண்டும். சும்மா இருக்கத் தெரியாத பம்பரம், இரண்டு மணிக்கு அந்தப் புள்ளியைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே இருந்தது அவளுடைய மின்னஞ்சல் முகவரியேதான், அவளும் தங்கையும் கல்லூரி நாளில் பொதுவாகத் திறந்தது. நர்ஸ் வேலைக்குப் போன தங்கையும் அதையே தன் பக்கத்தில் போட்டிருந்தாள். விதி இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அம்மா யார் வீட்டில் இருப்பது என்ற சண்டையில் அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. பம்பரம் அன்றைக்கே தன் பக்கத்திலிருந்து தங்கை பெயரை அழித்துவிட்டாள். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

“பிரிச்சுப் போடுங்க,” என்றார் அவர்.

“படம் ரெண்டாப் போயிடும் சார். அவ பேரை நான் எடுத்துட்டேன்.”

“போனாப் போகட்டும். இல்லாத உறவை இருக்குன்னு எழுத முடியுமா?”

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள் திரும்பி வந்து புள்ளியைப் பிரித்துக் கணக்கை ஓட விட்டாள். ஏழு நிமிடம் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். பம்பரத்துக்கு இரண்டும் ஆடின. கட்டுரை போனால் போகிறது, படம் உடைவதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

உடையவில்லை. ஒற்றைக் கோடு ஒன்று நர்சுகள் பக்கமிருந்து கிளம்பி அவள் புள்ளியில் வந்து முடிந்தது. தங்கையின் பக்கத்தைத் திறந்தாள். போன மாதம்தான் திருத்தியிருக்கிறாள்: புது மருத்துவமனை, புது போன் நம்பர், பழைய தோழிகள் பாதிப் பேர் காணோம். தெரிந்தவர்கள் வரிசையில் முதல் பெயர் அக்காவுடையது.

‘கோடு இருக்கிறது சார், ஒரு பக்கமிருந்துதான்’ என்று பேராசிரியருக்கு எழுதி அனுப்பிவிட்டு, அந்த நம்பரை அழுத்தினாள்.

“நான்தான்.”

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் நடந்தாள்.

“என்னக்கா, நடந்துக்கிட்டே பேசறியா? முதல்ல உட்காரு.”

பம்பரம் உட்கார்ந்தாள்.