சுருங்கிய சீருடை

கட்டிங் மாஸ்டருக்குச் சொந்தத் தொழில் தொடங்கியதும் தலைகால் புரியவில்லை. பழைய முதலாளி, துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் முக்கிக் காயப்போடச் சொல்வார். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். "துணியைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கிறார்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்தான் நம்ம மாஸ்டர். அவருக்குக் கிடைத்த முதல் ஆர்டர், மகள் படிக்கிற பள்ளிக்கே சீருடை. நாள் நெருக்கியது. நனைக்காமலே கத்தரியை வைத்தார்.

பள்ளி திறந்த வாரம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் வீடுகளில் சீருடையைத் துவைத்தார்கள். அவ்வளவுதான், பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. மற்றவர்கள் தொழிலில் தோற்றால் கடையைப் பூட்டிவிட்டு ஒளியலாம். இந்த மனுஷனின் தோல்வி தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து போனது. கடைத்தெருவில் 'முக்கால் மாஸ்டர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளி விடும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.

அந்த நிலையிலும் அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? மிச்சத் துணியை நனைத்துக் காயவைத்து, தன் மகளுக்கு மட்டும் ஒரு பேன்ட் தைத்தார். பெற்ற மனம் என்று சொல்லிக்கொண்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மகள் அதைத் தொடவில்லை.

"இதைப் போட்டுட்டு எப்படிப்பா போவேன்? 'உனக்கு மட்டும் உங்கப்பா ஒழுங்கா தச்சுக் குடுத்தாரா'ன்னு எல்லாரும் கேக்க மாட்டாங்களா?"

"புள்ள கேக்குறதுல என்ன தப்பு?" என்றாள் மனைவி.

இருந்த இரண்டு தையல் மெஷினில் ஒன்றை விற்றார். புதுத் துணி வாங்கி, அத்தனையையும் நனைத்துக் காயப்போட்டார். பிறகு அளவு நாடாவோடு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டினார். இவருக்கு உட்கார மனம் வரவில்லை.

"தப்பு என்னோடதும்மா. எல்லாருக்கும் புதுசா தச்சுத் தர்றேன்."

முதலில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். மாஸ்டர் மண்டியிட்டு, அவள் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நாடாவைப் பிடித்தார். அவள் குனிந்து, ரொம்ப மரியாதையாகவே கேட்டாள்.

"மாமா, இந்தத் தடவை துவைக்கலாமா?"

"துவைக்கலாம்மா" என்றார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.