திறக்காத கணக்கு

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஸ்க்ரூ'. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர். உயிர் போன லேப்டாப்பையும் கழற்றி, உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க்கை வேறொன்றில் மாட்டி, "இந்தாங்க, உங்க போட்டோ எல்லாம் வந்திடுச்சு" என்று கொடுத்துவிடுவார்.

பிரவுசரையே முழு சிஸ்டமாக ஓட்டும் முறை வந்தபோது குழந்தை மாதிரித் துள்ளினார். தூக்கிப் போட வேண்டிய லேப்டாப்பில் அதை ஏற்றினால், மூடியைத் திறந்து மூச்சு விடுவதற்குள் வேலைக்குத் தயார். வைரஸ் தொல்லையும் இல்லை. எழுதியது, எடுத்த படம் எல்லாமே இணையத்தில் அவரவர் கணக்குக்குப் போய்விடும். மருந்துக்கடைக்காரர், பள்ளி வேன் டிரைவர் என்று தெருவையே மாற்றிவிட்டார்.

"லேப்டாப் கிணத்துல விழுந்தாக்கூடக் கவலைப்படாதீங்க. வேற ஒண்ணுல உங்க கணக்கைத் திறந்தா, வெச்சது வெச்ச இடத்துல இருக்கும். பெட்டிக்குள்ள ஒண்ணுமே கிடையாது!"

அவர் மனைவி தையல்காரி. தன் பழைய லேப்டாப் கண் விழிப்பதற்குள் ஒரு சட்டைக்குக் காலரே வைத்துவிடலாம் என்று கேலி பேசுவாள். அதையும் மாற்றிக் கொடுத்தார். அது சட்டென்று திறக்கத் திறக்க, அவளுக்கும் ஆசை வந்தது. தையல் வகுப்பு நடத்தப் போகிறேன் என்று, அதன் முன்னால் உட்கார்ந்து பாடம் பாடமாகப் பேசிப் பதிவு செய்தாள்.

"எனக்குக் கொஞ்சம் காட்டேன்."

"முழுசா முடியட்டுங்க. பாதியில பாத்துட்டு நொட்டை சொல்வீங்க."

முடியவில்லை. வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

அவளுடைய பழைய பட்டன் போனில் துணி கேட்டு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொல்ல முடியாமல் அதை அணைத்து அலமாரியில் போட்டார். ரீசார்ஜ் செய்யவும் தோன்றவில்லை. லேப்டாப் பக்கமே அவர் போகவில்லை.

பல மாதம் கழித்து ஒருநாள் வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். நிறைமாதம் அவளுக்கு. "அப்பா, அம்மா பேசினது ஏதாவது இருந்தா அனுப்புங்கப்பா. அவங்க குரலே மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

லேப்டாப்பைத் திறந்தார். மனைவியின் சிரித்த படம். அதன் கீழே பாஸ்வேர்டு கேட்டது. தெரிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார். எதற்கும் அசையவில்லை. பழக்கத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றார். கழற்றி என்ன செய்வது? உள்ளே ஒன்றுமே இல்லை என்பதுதானே அவர் ஊருக்கெல்லாம் சொன்ன பெருமை.

பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் அவள் எண்ணுக்கு ஓடிபி போகும் என்றது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அந்த எண் இப்போது வேறு யாருக்கோ போயிருந்தது. கூப்பிட்டார். ஓர் ஆண் எடுத்தான்.

"ஐயா, நீங்க வெச்சிருக்கறது என் வீட்டுக்காரி நம்பர். அவ இறந்துட்டா. இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"செத்தவங்க பேரைச் சொல்லியும் ஏமாத்த ஆரம்பிச்சிட்டீங்களா? வெக்கமா இல்ல?"

"சத்தியமாங்க, அவ குரல் அதுலதான்..."

"வைய்யா போனை! போலீஸ்ல சொல்லிடுவேன்."

மறுபடி கூப்பிட்டபோது மணியே போகவில்லை. அந்த ஆள்மீது அவருக்குக் கோபம் வரவில்லை. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று அவரே எத்தனை பேருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருப்பார்.

இறப்புச் சான்றிதழோடு, அந்தக் கணக்கை நடத்தும் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். வருந்துகிறோம், வேண்டுமானால் கணக்கை மூடித் தருகிறோம், உள்ளே இருப்பதைத் தர இயலாது என்று பதில் வந்தது. மூட வேண்டாம் என்று எழுதினார்.

"என்னப்பா, கிடைச்சுதா?" என்றாள் மகள்.

"இருக்கும்மா. எல்லாம் இருக்கு. நமக்குத்தான் திறக்கல."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அவரும் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அவள் படத்துக்குக் கீழே 'விருந்தினராக நுழைய' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். யாருமே புழங்காத அறை மாதிரி வெறும் திரை வந்தது. உடனே வெளியே வந்தார். திரும்பவும் அவள் படம். அது அணைந்துவிடாமல் இருக்கச் சார்ஜரை மாட்டிவிட்டு, கடையைத் திறக்கப் போனார்.