சர்பத் சீசாக்களோடு போனவர்

ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறிய ஒரு அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் இருந்த கூடையில், குட்டிக் குட்டி மயில் வடிவக் கண்ணாடிச் சீசாக்களில் வீட்டில் காய்ச்சிய நன்னாரி சர்பத். பஸ் குலுங்கும்போதெல்லாம் மூடிகளை இறுக்கித் திருகினார்.

"விக்கறதுக்குங்களா?" என்றேன்.

"இல்லைங்க. மக கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத் தரலாம்னு ஊத்துனது. பத்திரிகை அடிச்சப்புறம் கல்யாணமே வேண்டாம்னு அவளே சொல்லிப்போட்டா."

"இப்ப எங்கங்க கொண்டுபோறீங்க?"

"மாப்பிள்ளை ஊட்டுக்குத்தானுங்க. சம்பந்தி ஆகலீன்னா என்னங்க, அந்தம்மாளுக்கு நன்னாரின்னா உசுரு."

"திட்டுனாங்கன்னா?"

"திட்டட்டுமுங்க. திட்டறதுக்காச்சும் எம்மூஞ்சியப் பாப்பாங்கல்லோ."

சேலத்தில் இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நடந்தார். அந்த வீட்டுக் கதவைத் திறந்தவர் முதலில் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.