பிலோமினாக்காவுக்காகப் போட்ட தோட்டம்

மன்னார் டவுனில் புதிதாகத் திறந்த பெரிய கடையொன்றில் நேற்றுக் கருவேப்பிலையைக் கண்டேன். பிளாஸ்டிக் பைக்குள் காம்போடு இரண்டு நெட்டு, மேலே விலை ஒட்டிய துண்டு. குளிர்த் தட்டில் கிடந்ததை எடுத்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இரண்டு நெட்டுக் கருவேப்பிலைக்காக நான் எத்தனை வருடம் கோபத்தில் வாழ்ந்தவள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

நாட்டில் டொலர் தீர்ந்து, சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள் முழுக்க வரிசையில் நின்ற காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. என் கணவரின் படகு எண்ணெய் இல்லாமல் கரையில் சும்மா கிடந்தது. நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக். சம்பளம் வந்தது, ஆனால் கடைக்குப் போனால் வெறும் தட்டுகள்தான். எங்களுக்கு அடுத்த வளவு பிலோமினாக்காவுடையது. தனியாக இருந்தவர். மகள் பிரான்சில். எங்கள் ஒழுங்கையில் செபமாலை சொல்லுவதென்றால் முதற்குரல் அவருடையதுதான், பச்சையாக இருந்த ஒரே வளவும் அவருடையதுதான். ஒரு வெள்ளிக்கிழமை செபமாலை முடிந்து நாலு பெண்கள் அவர் வாசலில் கதைத்துக்கொண்டு நின்றபோது, நான் வேலியால் எட்டி, சொதிக்கு இரண்டு நெட்டுக் கருவேப்பிலை தரச்சொல்லிக் கேட்டேன்.

"உமக்கென்ன பிள்ளை, கந்தோர்ச் சம்பளம் வருதுதானே. அதை அவிச்சுத் தின்னும்."

நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அதுதான் இன்னும் எரிகிறது. அன்றைக்குக் கருவேப்பிலை இல்லாத சொதியை வைத்து, அதைக் குடிக்காமலே படுத்தேன். இனி இந்த ஒழுங்கையில் ஒருவரிடமும் ஒரு இலைக்குக்கூடக் கை நீட்டுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிலோமினாக்கா என் தோட்டத்தைப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். மாதாவிடம் கேட்கக்கூடிய விண்ணப்பமா அது? ஆனால் கேட்டேன்.

அப்போதுதான் அரசாங்கமே வெள்ளிக்கிழமையில் எங்களுக்கு லீவு தந்து, வீட்டில் தோட்டம் செய்யச் சொன்னது. கந்தோரில் மற்றவர்கள் அந்த லீவில் நித்திரை கொண்டார்கள். நான் மண்வெட்டி பிடித்தேன். எங்கள் மண் உங்களுக்குத் தெரியும், வெறும் மணல். ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது. பசளை வேண்டும், பசளையும் நாட்டில் இல்லை. மீன் புதைத்தால் மண் கொழுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மீனில் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிர் வேறு. கருவாடு காயப்போடும் வாடிக்குப் போய், அங்கே கூட்டி ஒதுக்கியிருந்த தலையும் செதிலும் தூளுமாக மூன்று சாக்குக் கொண்டுவந்து, மிளகாய்க் கன்றுகளைச் சுற்றித் தாராளமாகத் தாட்டேன். அத்தனையும் உப்பில் ஊறிய சாமான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நாலாம் நாள் கன்றெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோல் கருகி நின்றன.

வேலிக்கு மேலால் பிலோமினாக்காவின் தலை தெரிந்தது.

"மிளகாய்க்கண்டுக்குக் கருவாடு போட்டனீரோ? அப்பிடியே ரெண்டு கத்தரிக்காயும் வெட்டிப் போடும், குழம்பு ரெடி."

என் கணவர் கூடப் பலாக்கட்டையில் இருந்துகொண்டு சிரித்தார். "ஏனப்பா, என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். இரண்டு நாள் அவரோடும் பேச்சில்லை.

ஆனால் கோபத்தைப் போல நல்ல பசளை கிடையாது என்பதை நான் என் கையால் செய்து பார்த்தவள். உப்பு மண்ணை முழங்கால் ஆழத்துக்கு அள்ளிக் கொட்டினேன். உயிலங்குளத்திலிருக்கும் என் சின்னம்மாவின் மகன் மாட்டெருவைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்பினான். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறக்கித் தந்தார். பச்சை மீன் குடலை ஒரு மாதம் முன்னதாகவே தாட்டு உக்கவிட்டேன். ஊரெல்லாம் திரியும் கழுதைகள் வராமல் பனைமட்டை வைத்து இரட்டை வரிச்சில் வேலி கட்டினேன். மாரி முடிய மிளகாய், கத்தரி, வெண்டி, கீரை, பூசணி, வேலியோரம் கருவேப்பிலை என்று எல்லாம் எழும்பின. வெள்ளிக்கிழமைகளில் பிலோமினாக்கா வாசலுக்கு வரும் நேரம் பார்த்து, ஒழுங்கையால் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கருவேப்பிலை கொடுத்தேன். முந்தானையால் வாய் பொத்திச் சிரித்தவளுக்கும் கொடுத்தேன். அவருக்கு மட்டும் இல்லை. அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தோனியார் திருநாள் வந்தது. முதற்காயைக் கோயிலுக்குக் கொடுப்பதும், பூசை முடிய வேப்பமரத்தடியில் அதை ஏலம் கூறுவதும் எங்கள் பங்கு மக்களின் வழக்கம். நான் பூசணிக்காய் கொண்டுபோனேன். ஒரு கையால் தூக்க முடியாத காய். பக்திக்காகக் கொண்டுபோனேன் என்று சொன்னால் அந்தோனியாரே சிரிப்பார். ஏலம் கூறியவர் என் பெயரைச் சொல்லிக் காயை உயர்த்திக் காட்டியபோது நான் கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத்தான் தேடினேன். அந்த முகம் வாயைத் திறந்து ஏலம் கேட்டது. கேட்டவர்களையெல்லாம் மிஞ்சிக் கேட்டு, பிலோமினாக்கா என் பூசணிக்காயை எடுத்துவிட்டார்.

மத்தியானம் அவர் வீட்டிலிருந்து பூசணிக்காய்க் கறி மணந்தது. கோப்பை கோப்பையாக ஒழுங்கை முழுவதும் போனது. எங்கள் படலையையும் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. நான் ஜன்னலுக்குள் நின்று பார்த்தேன். என் எருவில், என் தண்ணீரில் வளர்ந்த காய்! இவர் மெதுவாக, "மனுசி கெட்டிக்காரிதான்" என்றார். இவருக்கு அன்று இரவு வெறுஞ்சோறுதான்.

அடுத்தது நான் செய்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு விடியற்காலை நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்க, ஒழுங்கைப் பக்கமாகப் பிலோமினாக்காவின் வேலியை நெரித்துக்கொண்டு மூன்று கழுதைகள் உள்ளே போயின. அவர் முதற் பூசைக்குப் போயிருந்தார். ஒரு தடியை எடுத்துச் சத்தம் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. பயற்றங்கொடி, கீரை, மிளகாய் என்று ஒவ்வொரு பாத்தியாக அவை மேய்வதைப் பார்த்துக்கொண்டே என் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பூசை முடிந்து வந்தவர் வளவைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"விடியவே நிக்கிறீர் போல" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பாத்தி கட்டவும் இல்லை. வேலியை அடைக்கவும் இல்லை. மகள் கூப்பிடுகிறாள் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டு இருந்தவர், போன வருடம் உண்மையாகவே பிரான்சுக்குப் போய்விட்டார். வான் வந்து நின்றபோது நான் தோட்டத்துக்குள் குனிந்தபடி நின்றேன், நிமிரவில்லை. வேலிக்கு மேலால் குரல் மட்டும் வந்தது.

"பிள்ளை, வெண்டி முத்துது. பிடுங்கும்."

பிடுங்கவில்லை. அவர் சொல்லி நான் செய்வதா? அத்தனையும் முற்றி நாராகி, ஒரு கறிக்கும் உதவாமல் போயிற்று.

இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. வளவில் நாயுருவியும் கழுதைச் சாணியும்தான். நான் ஒருவரிடமும் கை நீட்டுவதில்லை. உப்பும் அரிசியும் தவிர எனக்குக் கடையில் வேலையில்லை. இந்த முறை கத்தரி கிளை முறியக் காய்த்திருக்கிறது. சனிக்கிழமை வேலியோரமாக நின்று, தேவையில்லாமல் உரத்த குரலில், ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணிப் பிடுங்கினேன். நாற்பது வரை எண்ணினேன். அந்தப் பக்கம் ஒரு கதவும் திறக்கவில்லை.