தம்பிக்கு மட்டும் கொடுத்த சோறு

எங்கள் தோட்டத்துத் துரை இரண்டு நாய்கள் வளர்த்தார். அவை குடித்தது பங்களாவின் இரும்புத் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர். அதையும் சமையல்காரர் காய்ச்சி ஆறவைத்துத்தான் ஊற்றுவார். பங்களா மேட்டுக்குக் கீழே, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் ஒரே கிணறு. கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் கால்வாய் ஓடியது. அந்தக் கால்வாயின் மேல் பலகை போட்டு எங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மழை வலுத்தால் கால்வாயும் கிணறும் ஒன்றாகிவிடும். இதை எழுதுகிற எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கிள்ளானுக்குத் தெற்கே, கடலோரத் தாழ்நிலத்தில் எங்கள் தோட்டம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அந்த வருஷத்து மழையில் லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அம்மா விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குப் பெரட்டில் ஆள்கணக்குக்கு நின்று, மரம் சீவி, ரப்பர் பால் சுமந்து, மத்தியானம் வீடு திரும்புகிறவள். நனைந்த விறகில் சோறு வேகவே பாடாக இருந்தது. இதில் தண்ணீரை எப்போது காய்ச்சுவது என்று உத்தரவில் இல்லை.

எனக்கும் தம்பிக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"காய்ச்சக்காரப் புள்ளைங்க லயத்துல இருக்கப்படாதாம். தொரை உத்தரவு. வண்டி கட்டச் சொல்லியிருக்கேன்" என்றார்.

மூன்று மைல் தள்ளி, நாலைந்து தோட்டங்களுக்குப் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. பிள்ளைகள் வார்டில் ஆறு கட்டில். ஒன்பது பிள்ளைகள் கிடந்தோம். எல்லோருக்கும் தலையை மழித்துவிட்டார்கள். என்னையும் தம்பியையும் ஒரே கட்டிலில் தலைமாற்றிப் போட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் வாரம் ஒரு முறை வந்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரஸ்ஸரின் ராஜ்ஜியம். சாப்பாடு என்று கொடுத்தது தண்ணீர் கலந்த டின் பால், பார்லித் தண்ணீர், மறுபடியும் டின் பால். பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஐந்து வரை. அம்மா தினமும் நடந்தே வந்தாள்.

முதல் நாளே அவள் டிரஸ்ஸரிடம் கேட்டாள்.

"ஒரு வாய் கஞ்சியாவது குடுக்கலாமா சாமி? புள்ளைங்க துவண்டு கெடக்குதுங்க."

"பாலு மட்டுந்தான். சோறு கீறுன்னு கொண்டாந்தா உள்ளயே விடமாட்டேன்."

"ஏன் சாமி?"

"சொன்னா ஒனக்கு வெளங்கவா போவுது? போ, போ."

அவருக்குத் தமிழ் தெரியாமலில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசியதும் தமிழ்தான். இந்தக் காய்ச்சலில் குடல் புண்ணாகிவிடும், கெட்டியாக எதுவும் கொடுத்தால் ஆபத்து என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வரிக்கு எங்கள் அம்மா லாயக்கில்லை என்று அந்த மகராசன் முடிவு செய்திருந்தார்.

மூன்றாவது வாரம் தம்பிக்கு உடம்பு குளிர்ந்தது. எனக்குச் சூடு விடவில்லை. காய்ச்சல் விட்டதும் அவனுக்குப் பசி வந்துவிட்டது. சும்மா பசியல்ல, பேய்ப்பசி. பால் குவளையைக் கடித்தான். போர்வை நுனியைச் சப்பினான். "அக்கா, கருவாடு சுட்டா எப்பிடி மணக்கும், சொல்லு" என்று என்னை நச்சரித்தான். அம்மா வந்தால் அவள் கையை மோந்து பார்ப்பான்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆனால் பிள்ளைக்கு வேப்பிலை போட்ட வெந்நீரைத் தலைக்கு ஊற்றி, மிளகு ரசம் விட்டுக் குழைத்த சோறு ஒரு பிடி ஊட்ட வேண்டும். அப்படி ஊட்டினால்தான் காய்ச்சல் வீட்டை விட்டுப் போனதாக அர்த்தம். ஊட்டாவிட்டால் அது வாசலிலேயே காத்துக் கிடந்து மறுபடி ஏறிக்கொள்ளும் என்று பெண்கள் சொல்வார்கள். அம்மா மூன்று நாளையும் விரல்விட்டு எண்ணினாள். மூன்றாம் நாள் மாலை, மாராப்புக்குள் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை ஒளித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் தலைக்கு ஊற்ற முடியாது. முந்தானையை வேப்பிலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக்கொண்டு அவன் மொட்டைத் தலையைத் துடைத்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். பூண்டு மணம் என் மூக்கில் ஏறியது.

நானும் வாயைத் திறந்தேன்.

"ஒனக்கு இன்னும் ஒடம்பு சுடுது தாயி. காய்ச்சலோட சோறு திங்கக்கூடாது. விட்டப்புறம் ஒனக்கும் கொண்டாறேன்" என்றாள்.

தம்பி ஐந்து வாயில் முடித்துவிட்டு இலையையும் நக்கினான். நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அவனை அடிக்கலாம் போல இருந்தது.

மறுநாள் காலை அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினான். வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. அவனை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு மறுநாள் விடிந்ததும் கூட்டுகிற ஆயா வந்து, "ஒந்தம்பி வீட்டுக்குப் போயிட்டான்" என்றாள். நான் நம்பினேன். சோறு தின்றவன் தேறி வீட்டுக்குப் போய்விட்டான், தின்னாதவள் இங்கேயே கிடக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். வராந்தாவில் டிரஸ்ஸர் அவளைப் பிடித்துக்கொண்டார். வார்டு முழுக்கக் கேட்டது.

"சோத்தக் குடுத்துக் கொன்னுட்டியே! கொடலெல்லாம் புண்ணு. சோறு போனா ஓட்டையாப் போயிரும்னு தெரியாது?"

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பனா சாமி?"

அம்மா கத்தவில்லை. நிஜமாகவே பதில் வேண்டித்தான் கேட்டாள். மூன்று வாரம் சொல்லாத காரணத்தை அவர் அன்று ஒரே மூச்சில் சொன்னார், அவளுக்கும் உடனே விளங்கியது. எனக்குத்தான் விளங்கவில்லை. "கொன்னுப்புடுவேன்" என்று அம்மாவே தினம் பத்துத் தடவை எங்களைத் திட்டுவாள். அந்த வார்த்தை என் காதில் பெரிதாக விழவில்லை.

அந்த வாரமே வார்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் போனார்கள். அவர்கள் சோற்றைக் கண்ணாலும் பார்க்காதவர்கள். அவர்களைக் கொன்றது யார் என்று டிரஸ்ஸர் எந்த வராந்தாவிலும் கத்தவில்லை. இந்தக் காய்ச்சலில் பாலே குடித்துக் கிடந்தாலும் குடல் தானாக ஓட்டையாகலாம், சோறுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்று, பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அம்மாவிடம் அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கிணற்றைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. தோட்டத்தில் பழி முழுவதையும் ஒரு பிடி சோற்றின் மேல் ஏற்றிவிட்டு, எல்லோரும் அதே தண்ணீரைக் குடித்தார்கள்.

தம்பியைப் புதைத்த மறுநாளும் அம்மா நாலு மணிக்கு வந்தாள். கையில் ஒன்றுமில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் என் காலைத் தொட்டாள். காலை உதறினேன். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. எட்டு நாள் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தம்பி இல்லை என்று தெரிந்து அழுதேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு வந்தது. ஆனால் கடைசிவரை அவள் எனக்குத் தன் கையால் சோறு ஊட்டவில்லை. தட்டில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு அந்தண்டை போய்விடுவாள். அது அவள் சுபாவம் என்று நினைத்தேன்.

அவள் செத்த பதினாறாம் நாள், சின்னம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஊரு சொன்னதக்கூட அவ பெருசா எடுத்துக்கல. ஆஸ்பத்திரியில நீ எட்டு நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டியாமே. பெத்த மகளே என்னயக் கொலகாரின்னு நெனச்சிட்டா, அவளுக்கு நான் எந்தக் கையால ஊட்டுறதுன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா."

தம்பி செத்ததே அப்போது எனக்குத் தெரியாது. தம்பிக்குக் கொடுத்த சோற்றில் எனக்கு ஒரு வாய் தரவில்லை என்ற கோபத்தில்தான் நான் திரும்பிப் படுத்திருந்தேன்.