மாப்பிள்ளைக்கு வந்த முறுக்கு

அந்தத் தெருவில் வந்து டைல்ஸ்காரர் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ரசமட்டம் வீடு என்று கேளுங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே குமிழி ஓடும் சின்ன ரசமட்டம் ஒன்று எப்போதும் அவர் பின் பாக்கெட்டில் இருக்கும். பாக்கெட்டிலேயே இருந்துவிட்டால் பரவாயில்லை. விருந்துக்குப் போனால் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த உறவுக்காரரைப் பார்க்கப் போய், உடம்பு எப்படி என்று கேட்காமல், கட்டில் ஒரு நூல் சரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த மனிதர்.

அவர் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். தெருவுக்கே சிஸ்டர். அவர் கையில் பிறந்த பிள்ளைகள் மீசை முளைத்து பைக் ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள். இவர்களுக்கு மட்டும் பிள்ளை இல்லை. ஏங்கி, அழுது, பேசி ஓய்ந்து, அந்தப் பேச்சையே இருவரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளை இல்லாத வீட்டில் ஓர் ஆமை இருந்தது. வீடு மாறிப்போன வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. வந்தபோது சோப்புப் பெட்டிக்குள் அடங்கும். இப்போது மூன்று ஆள் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வர வேண்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, வெயில் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறக்கும். இந்த லட்சணங்களையெல்லாம் பார்த்துச் சிஸ்டர்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது.

ரசமட்டத்துக்கு அதன்மேல் உயிர். வேலை முடிந்து வந்ததும் சட்டையில் ஒட்டிய சிமெண்டைக்கூடத் தட்டாமல் பின்முற்றத்துக்குப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். யார் வீட்டுச் சுவர் கோணல், எந்த மேஸ்திரி கலவையில் ஏமாற்றினான், எல்லா வம்பும் அதனிடம் போய்ச் சேரும். கேட்டதை வெளியே சொல்லாத ஒரே ஆள் மாப்பிள்ளைதான் என்பார்.

அந்தப் பாசத்தில்தான் போன வருஷம் பின்முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டார். மாப்பிள்ளை மழையில் சேற்றில் உழல்கிறதாம், வெயிலில் கட்டாந்தரையில் கால் நோகிறதாம். வழுக்காத டைல்ஸாகத் தேடிப் பொறுக்கி, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் போட்டார். தண்ணீரை ஊற்றினால் அவர் சொல்கிற பக்கம்தான் ஓடும். அப்படி ஒரு வேலை. புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில் பின்முற்றத்தைக் காட்டிவிட்டுத்தான் கூலியே பேசுவார். அங்கே கைப்பிடி மண் கண்ணில் படாது. மண் என்றால் ஓரத்தில் வரிசையாக நின்ற சிஸ்டரின் ரோஜாத் தொட்டிகளில்தான்.

இந்த வருஷம் மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்தது.

முதலில் சாப்பாட்டை ஒதுக்கியது. கீரைக்கட்டை மூக்கால் தள்ளிவிட்டுப் போயிற்று. பிறகு நடக்கத் தொடங்கியது. சுவர் ஓரமாகவே காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே நடை. கதவு எதிரே வந்தால் கதவை முட்டும். முட்டி முட்டிக் கதவின் கீழ்ப்பலகை பிளந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்து முற்றம் குளமானது. ரோஜாத் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. கொட்டிய மண்மேல் ஏறி நின்று காலால் கிளறிவிட்டு, போதாதது போல அடுத்த தொட்டிக்குப் போகும். இரவு டியூட்டி முடித்து வந்து பகலில் கண் அயரும் சிஸ்டருக்குத் தலைமாட்டில் டம் டம் என்று ஓயாத இடி.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ரிடையர்டு போஸ்ட்மேன், ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றார், அதையும் தினம் ஒரு தடவை மதில்மேல் சாய்ந்துகொண்டு சொன்னார். ரசமட்டமோ இது வெறும் மாப்பிள்ளை முறுக்கு, கொஞ்சினால் சரியாகிவிடும் என்று பூசணித் துண்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடந்தார். வெளியூரில் பழத்தோட்டம் வைத்திருக்கும் மச்சான், அதாவது சிஸ்டரின் அண்ணன், போனில் கேட்டுவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார். வயசு வந்த பயலை வீட்டோடு அடைத்து வைத்தால் வேறு என்ன செய்வான், ஒரு பொண்ணைப் பாருங்க என்றார்.

கடைசியாகக் கவிழ்ந்தது சிஸ்டர் ஆசை ஆசையாக வளர்த்த மஞ்சள் ரோஜா. விழுந்த வேகத்தில் தொட்டியோடு ஒரு டைலும் உடைந்தது. சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ரசமட்டம் சமாளித்திருப்பார். உடைந்த தொட்டியை அள்ளிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வேன் கொண்டு வரட்டுங்க. அங்கயாவது அது நிம்மதியா இருக்கட்டும். எனக்கும் தூக்கம் வேணும்."

ரசமட்டம் சிதறிய மண்ணைக் கூட்டி அள்ளினார். சொன்னதில் தப்பு இல்லை. தூங்காமல் பிரசவ வார்டுக்குப் போக முடியுமா? ஆனாலும் அவருக்கு, மாப்பிள்ளை போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்கு எதற்கு வருவது என்றுகூடத் தோன்றியது. இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா, சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், உடைந்த டைலை மாற்ற உட்கார்ந்தார். பிரியப்போகிற துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், காலையில் மச்சான் வந்து உடைந்த டைலைப் பார்த்துவிடக் கூடாது. உளியால் நெம்பி எடுத்து, அடியில் இருந்த சிமெண்டைப் பெயர்த்தார். கீழே கறுப்பாக, ஈரமாக மண் தெரிந்தது. கலவைக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனார்.

வாளியோடு திரும்பி வந்தால் முற்றத்தில் சத்தமே இல்லை. இத்தனை நாள் முட்டிக்கொண்டு திரிந்த மாப்பிள்ளை, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தின் மேல் பின்பக்கத்தை வைத்து நின்றது. பின்னங்காலை உள்ளே விட்டு ஒரு கை மண்ணை அள்ளி வெளியே வைத்தது. பிறகு அடுத்த கால். அவசரமே இல்லை. பழகின கொத்தனார் கரணை பிடிக்கிற நிதானம். ஆனால் பள்ளம் ஒரு டைல் அகலம்தானே. நாலாவது அள்ளலுக்குக் கால் பக்கத்து டைலின் விளிம்பில் போய்க் கரகரவென்று தேய்ந்தது. திரும்பத் திரும்பத் தேய்ந்தது. மாப்பிள்ளை கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது.

பக்கத்து டைல் நல்ல டைல். கீறல்கூட இல்லை. ரசமட்டம் தன் வேலையைத் தன் கையால் பெயர்த்ததே கிடையாது. அடுத்தவன் போட்டதைப் பெயர்த்திருக்கிறார், அதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு. இது வேறு. வாளியைக் கீழே வைத்தார். எதற்காக அது தோண்டுகிறது என்று சத்தியமாக அவருக்குப் புரியவில்லை. அதற்கு அது வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். டைல் இரண்டாகப் பிளந்தது. பிறகு அதற்கு அடுத்ததையும் பிளந்தார்.

சத்தம் கேட்டு, மாப்பிள்ளைதான் மறுபடி எதையோ உடைக்கிறது என்று சிஸ்டர் எழுந்து வந்தார். உடைப்பது புருஷன். வாய் திறந்தவர், மாப்பிள்ளையின் பின்னங்காலைப் பார்த்தார், சாப்பாட்டை ஒதுக்கியதை நினைத்தார், ஓயாத நடையை நினைத்தார். இந்த நடையைத்தானே வார்டில் தினம் பார்க்கிறார். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க. இது மாப்பிள்ளை இல்ல. பொண்ணு. முட்டை வைக்க இடம் தேடியிருக்கு."

அடுத்த நிமிஷம் அது பின்முற்றம் இல்லை, பிரசவ வார்டு. சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னார். மதில்மேல் எட்டிப் பார்த்த போஸ்ட்மேனை ஒரு பார்வையில் இறக்கினார். ஆம்பளைங்க வெளியே நில்லுங்க என்று சொந்தப் புருஷனைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளித் தாழ் போட்டார்.

ரசமட்டம் கூடத்தில் நடந்தார். ஜன்னல்வரை போவார், திரும்புவார், கதவில் காதை வைப்பார், ஆச்சா என்று கேட்பார். எத்தனையோ அப்பாக்கள் வார்டு வாசலில் இப்படி நடப்பதைச் சிஸ்டர் பார்த்திருக்கிறார். தன் புருஷன் நடக்கிற சத்தத்தை அன்றுதான் கேட்டார். பிளந்த கதவுப்பலகை வழியாக அந்தக் கால்கள் போவதும் வருவதும் தெரிந்தது. சிஸ்டருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அடக்கவில்லை.

வெள்ளைப் பந்து போல முட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எண்ணிக்கொண்டே வந்தவர் நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டார். எல்லாம் முடிந்து மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஏறி, தரை இடிக்கிற திமிசு போட்டதுபோல் மிதித்து வைத்துவிட்டு, மாப்பிள்ளை நேராகக் கீரைக்கட்டுக்குப் போய் மொத்தத்தையும் தின்று தீர்த்தது.

கால்நடை டாக்டரிடம் போனில் விசாரித்தார்கள். ஆண் துணை இல்லாததால் குஞ்சு பொரிக்காது, ஆனால் இனி வருஷா வருஷம் முட்டை வைக்கும் என்றார். மண் கிடைக்காமல் உள்ளேயே அடக்கி வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். ரசமட்டம் போனை வைத்துவிட்டு வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மச்சான் வேனோடு வந்தார். சிஸ்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, காபி குடிச்சிட்டுக் கிளம்பு. பிள்ளை பெத்த உடம்பை எவளாவது வண்டி ஏத்தி அனுப்புவாளா?"

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. மதில்மேல் சாய்ந்திருந்த போஸ்ட்மேன், ஆமை புகுந்த வீடு என்று ஆரம்பித்தார். சிஸ்டர் முடிக்க விடவில்லை. ஆமை புகுந்து இந்த வீடு கெடவில்லை, டைல்ஸ்காரர் புகுந்துதான் தோட்டம் கெட்டது என்றார். அதற்கு ரசமட்டமே விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே மச்சானையும் உட்கார வைத்துப் பாதி முற்றத்தை இருவருமாகப் பெயர்த்தெடுத்தார்கள். மஞ்சள் ரோஜாவுக்கும் தரையிலேயே ஓர் ஓரம் கிடைத்தது.

மாப்பிள்ளை என்ற பேரை மட்டும் மாற்ற முடியவில்லை, நாக்கு பழகிவிட்டது. பின்முற்றத்தை இன்றும் ரசமட்டம் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிறார். இந்தப் பாதி கண்ணாடி போல இருக்கும். அந்தப் பாதி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். இவ்வளவு நல்ல வேலைக்காரர் இந்தப் பக்கத்தை ஏன் இப்படி விட்டுவிட்டீர்கள் என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். ரசமட்டம் பின் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஆனால் ரசமட்டத்தை வெளியே எடுக்கவில்லை.

"அது எங்க பொண்ணு ரூமுங்க. அங்க நான் மட்டம் பாக்குறதில்ல."